நாளைக்கு நிச்சயமில்லை: யாழ்ப்பாணத்து அமெரிக்க மிசனரிகளின் மரணங்களும் அவர்கள் விட்டுச்சென்ற வேலைகளும்

பத்திரிகை அலுவலகத்தில் புதிதாகச் சேருபவனுக்கு முதலில் கிடைக்கும் வேலைகளில் ஒன்று மரண அறிவித்தல்களைச் சரிபார்ப்பது. பெயர், பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், மக்கள், மருமக்கள், கிரியை நடைபெறும் நேரம் என்று ஒவ்வொன்றையும் கையெழுத்துப் பிரதியுடன் ஒப்புநோக்க வேண்டும். ஒரு மருமகனின் பெயர் விடுபட்டுப் போனாலும் மறுநாள் காலையில் அந்தக் குடும்பம் அலுவலக வாசலில் வந்து நிற்கும். நான் அந்த வேலையைப் பழகியது 1990களின் முற்பகுதியில், யாழ்ப்பாணத்தில். மின்சாரம் இல்லை. அச்சுத்தாள் தட்டுப்பாட்டினால் பாடசாலைக் கொப்பித் தாளிலும் பத்திரிகை அச்சான காலம் அது.

எனக்கு அந்த வேலையைச் சொல்லித் தந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ‘மாஸ்டர்’. மெய்ப்புப் பார்ப்பது அவர் பணி. இரவு வீட்டுக்குப் புறப்படுமுன் மேசையிலிருந்த ஒவ்வொரு மெய்ப்புத் தாளிலும் எது முடிந்தது, எது மிச்சம், யார் பார்க்க வேண்டும் என்று சிவப்பு மையில் குறித்து வைப்பார். காலையில் அவரேதானே வரப்போகிறார், இதெல்லாம் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

“தம்பி, நாளைக்கு நான் வராட்டியும் பக்கம் நிக்கக்கூடாது” என்றார்.

1994இல் ஒரு நாள் அவர் வரவில்லை. இரவு நித்திரையிலேயே மாரடைப்பு. அவருடைய மேசையில் எல்லாத் தாள்களும் குறிப்புகளுடன் ஒழுங்காக இருந்தன. அன்றைய பக்கம் நிற்கவில்லை. அந்தப் பக்கத்தில் அவருடைய மரண அறிவித்தலும் இருந்தது. அதைச் சரிபார்த்தவன் நான்.

மாஸ்டர் அமெரிக்க மிசன் வழிவந்த கிறிஸ்தவக் குடும்பத்தவர். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். அவருடைய அந்தப் பழக்கத்தை ஒரு தனிமனிதரின் ஒழுங்கு என்றே பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். பின்னர் யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளின் வரலாற்றுக்காக மிசனரிமாரைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோதுதான், அதன் வேர் வேறெங்கோ ஆழத்தில் இருப்பது தெரிந்தது.

யாழ்ப்பாணத்து அமெரிக்க மிசனின் கதை ஒரு மரணத்துடன் தொடங்குகிறது. 1812ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்காவின் சேலம் துறைமுகத்திலிருந்து சாமுவேல் நியூவெல் என்ற இளம் மிசனரியும் அவருடைய மனைவி ஹரியட்டும் கல்கத்தாவுக்குக் கப்பலேறினர். அங்கு தங்கிப் பணிபுரியக் கிழக்கிந்தியக் கம்பனி இடமளிக்கவில்லை. மொரீசியஸ் தீவுக்குப் போகும் வழியில், கடலில், ஹரியட் ஒரு குழந்தையைப் பெற்றார். சில நாள்களில் குழந்தை இறந்தது. 1812 நவம்பர் 30ஆம் திகதி மொரீசியஸில் ஹரியட்டும் இறந்தார். வயது பத்தொன்பது. தனியனான நியூவெல் 1813இல் இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணம் மிசன் பணிக்கு ஏற்ற இடம் என்ற செய்தி அமெரிக்கச் சபைக்கு எட்டியது அவர் மூலந்தான். பின்னர் பம்பாய்க்குச் சென்ற அவரும் 1821இல் வாந்திபேதியால் இறந்தார்.

பத்தொன்பது வயதுப் பெண்ணின் மரணச் செய்தி அமெரிக்காவில் ஆட்களைப் பயமுறுத்திப் பின்வாங்கச் செய்திருக்கும் என்றே நாம் நினைப்போம். நடந்தது மறுதலை. அவருடைய நாட்குறிப்பும் கடிதங்களும் நூலாக வெளிவந்து நியூ இங்கிலாந்துப் பகுதியெங்கும் வாசிக்கப்பட்டன. அதை வாசித்தவர்கள் புறப்பட்டு வந்தார்கள்.

இதை விளங்கிக்கொள்ள அவர்கள் எத்தகைய சமயச் சூழலில் வளர்ந்தவர்கள் என்பதைப் பார்க்க வேண்டும். நாளைய வாணிபத்துக்கு இன்று திட்டமிடுபவனுக்கு அவனுடைய உயிர் எவ்வளவு நேரத்துக்குரியது என்பதே தெரியாது என்று எச்சரிக்கும் யாக்கோபின் நிருபம். களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணிய இரவிலேயே உயிர் துறக்கும் செல்வந்தனைப் பற்றி லூக்கா எழுதிய உவமை. தன் நாள்களை எண்ணும் அறிவை இறைவனிடம் கேட்கும் தொண்ணூறாம் சங்கீதம். இவையெல்லாம் அவர்களுக்குப் பிள்ளைப் பருவத்திலிருந்தே பழகியவை. டேவிட் பிரெய்னேட் என்ற மிசனரி அமெரிக்கப் பழங்குடியினரிடையே பணிபுரிந்து, 1747இல் காசநோயால் தமது 29ஆவது வயதில் இறந்தார். ஜொனதன் எட்வேட்ஸ் என்ற இறையியலாளர் அவருடைய நாட்குறிப்பை 1749இல் பதிப்பித்தார். அந்த நூல் அடுத்த இரண்டு தலைமுறை மிசனரிமாரின் கையேடாயிற்று. குறுகிய ஆயுள் ஒரு குறையன்று, குறுகிய ஆயுளைத் தள்ளிப்போடுதலில் கழிப்பதுதான் குறை என்பது அந்த மரபின் சாரம்.

நமது மரபுக்கும் இது அந்நியமான எண்ணமன்று. திருக்குறளிலும் நாலடியாரிலும் நிலையாமைக்கெனத் தனி அதிகாரங்கள் உண்டு. அறத்தைப் பிற்காலத்துக்கு ஒத்திவைக்காதே என்றுதான் வள்ளுவரும் சொன்னார். ஆனால் நிலையாமை என்றவுடன் நம் மனம் பெரும்பாலும் பட்டினத்தாரையும் துறவையுமே நாடும். இவர்களோ அதே நிலையாமையைச் சொல்லிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கூரை வேய்ந்தார்கள்.

1815 ஒக்ரோபர் 23ஆம் திகதி ‘டிறையட்’ என்ற கப்பல் நியூபெரிபோர்ட் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டு, 1816 மார்ச் 22ஆம் திகதி கொழும்பை அடைந்தது. ஐந்து மாதப் பயணம். அந்தக் கப்பலில் வந்த டானியல் பூவர், பெஞ்சமின் மெய்க்ஸ், ஜேம்ஸ் றிச்சேட்ஸ் ஆகியோரும் அவர்களுடைய மனைவியரும், மணமாகாத எட்வேட் வொறனும் அவ்வாண்டின் பிற்பகுதியில் யாழ்ப்பாணம் சேர்ந்தனர். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பணி தொடங்கியது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துப் பாழடைந்த தேவாலயக் கட்டடங்களே அவர்களுக்குக் கிடைத்த தளங்கள்.

வந்த சில மாதங்களிலேயே மருத்துவம் கற்றிருந்த வொறன் நெஞ்சு நோயால் படுத்தார். றிச்சேட்ஸுக்கும் அதே நோய். கடற்காற்று நலந்தரும் என்று 1818இல் இருவரும் நன்னம்பிக்கை முனைக்குக் கப்பலேறினர். அவ்வாண்டு ஓகஸ்டில் வொறன் கேப் டவுனில் இறந்தார். றிச்சேட்ஸும் அதிக நாள் தாங்கமாட்டார் என்றே கருதப்பட்டது. அவர் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்து, எழுந்து நடக்க முடிந்த நாள்களிலெல்லாம் வேலை செய்து, மேலும் நான்கு ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். 1822 ஓகஸ்டில் தெல்லிப்பழையில் இறந்தபோது வயது 38. அதற்கு முந்திய ஆண்டில் டானியல் பூவரின் மனைவி சூசனும் தெல்லிப்பழையில் இறந்திருந்தார்.

1819-20இல் வந்த இரண்டாம் அணியில் மைரன் வின்ஸ்லோ, லீவை ஸ்போல்டிங், டொக்டர் ஜோன் ஸ்கடர் ஆகியோர் இருந்தனர். ஸ்கடர் தம்பதியரின் மகள் யாழ்ப்பாணத்தைக் காணவேயில்லை. வழியில் கல்கத்தாவில் இறந்தாள். துயரத்துடன் வந்த அந்த மருத்துவர் பண்டத்தரிப்பில் வைத்தியசாலை தொடங்கினார்.

இந்தச் சமயத்தில் இன்னொரு இடி விழுந்தது. 1820இல் ஆட்சிப் பொறுப்பிலிருந்த எட்வேட் பார்ண்ஸ், புதிய அமெரிக்க மிசனரிமார் இலங்கைக்கு வருவதைத் தடைசெய்தார். தடை 1833 வரை நீடித்தது. இருப்பவர்களோ நோயாளிகள். இறந்தவரின் இடத்துக்கு ஆள் வராது. இனி என்ன செய்வது?

என் வாசிப்பில், யாழ்ப்பாணத்தின் கல்வி வரலாறு திரும்பிய இடம் இதுதான். தாங்கள் நீண்டநாள் இருக்கப் போவதில்லை என்பதை அவர்கள் ஒரு கணக்காகவே எடுத்துக்கொண்டார்கள். 1823இல் டானியல் பூவரை அதிபராகக் கொண்டு வட்டுக்கோட்டை செமினரி தொடங்கியது. 1824இல் ஹரியட் வின்ஸ்லோ உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். உள்ளூர்ப் பிள்ளைகளைப் பயிற்றி வேலையை அவர்கள் கையில் கொடுப்பது என்பது கொள்கை மட்டுமன்று, தேவையும் ஆயிற்று.

ஹரியட் வின்ஸ்லோவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கனெற்றிகற் மாநிலத்து நோவிச் நகரில் 1796இல் பிறந்தவர். பெண்பிள்ளைகளைப் படிக்க அனுப்புவதை ஊர் வழக்கம் ஏற்காத காலத்தில், ஒவ்வொரு பிள்ளையாகச் சேர்த்து உடுவில் பாடசாலையை நடத்தினார். தம்முடைய பிள்ளைகளில் சிலரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்தார். மூத்த மகன் சார்ள்ஸைக் கல்விக்காக அமெரிக்காவுக்கு அனுப்பினார். 1832இல் அந்தச் சிறுவன் நியூயோர்க்கில் இறந்தான். அக்காலத்தில் கடிதம் வந்துசேரப் பல மாதங்கள். மகன் உயிரோடு இருக்கிறான் என்று எண்ணிக்கொண்டே ஒரு தாய் அத்தனை மாதங்கள் வாழ்ந்திருப்பார். 1833 சனவரி 14ஆம் திகதி ஹரியட் உடுவிலில் இறந்தார். வயது 36.

அவர் தொடங்கிய பாடசாலை நிற்கவில்லை. ஸ்போல்டிங் தம்பதியர் ஏற்றார்கள். 1840இல் வந்த எலைசா அக்னியூ 1879 வரை அதை நடத்தினார். ஒரு தடவைகூடத் தாய்நாடு திரும்பாமல் 1883இல் யாழ்ப்பாணத்திலேயே கண்மூடினார். போருக்கும் இடப்பெயர்வுக்கும் தப்பி, 2024இல் உடுவில் மகளிர் கல்லூரி இருநூறாவது ஆண்டை எட்டியது. ஒன்பது ஆண்டுகளே அதனுடன் வாழ்ந்த பெண் வைத்த விதை அது. ஹரியட்டின் கொள்ளுப்பேரன்தான் பிற்காலத்தில் அமெரிக்க இராஜாங்கச் செயலாளரான ஜோன் பொஸ்ரர் டலஸ் என்பதையும் வாசகர்களின் ஆர்வத்துக்காகக் குறிப்பிடுகிறேன்.

நிச்சயமின்மை இரு பக்கமும் வெட்டும் கத்தி. யார் சாவார் என்பது மட்டுமல்ல, யார் வாழ்வார் என்பதும் தெரியாது. வொறன் இரண்டாண்டில் போனார். லீவை ஸ்போல்டிங்கோ 1820இல் வந்து, 1873இல் தமது 81ஆவது வயதில் உடுவிலில் இறக்கும்வரை 53 ஆண்டுகள் இங்கு வாழ்ந்தார். இருவரும் ஒரே மனநிலையுடன்தான் வந்து இறங்கினார்கள்.

வேலை கைமாறிய விதத்துக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு தமிழ் அகராதி. சொற்களைத் திரட்டும் பணியைத் தொடங்கியவர் நல்லூரிலிருந்த ஜோசப் நைட். அவர் அமெரிக்க மிசனரி அல்லர். இங்கிலாந்துத் திருச்சபை மிசனைச் சேர்ந்தவர். பணி முடியுமுன்னரே அவர் காலமானார். அவர் விட்ட தாள்களை ஸ்போல்டிங், ஹட்சிங்ஸ் முதலியோர் ஏற்றனர். 1842இல் மானிப்பாய் அகராதி எனப்படும் தமிழ் அகராதி வெளிவந்தது. சந்திரசேகர பண்டிதர் முதலான தமிழறிஞரின் உழைப்பு அதில் உண்டு. இறுதியில் மைரன் வின்ஸ்லோவின் கையில் அது 67,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட தமிழ்–ஆங்கிலப் பேரகராதியாகி 1862இல் சென்னையில் அச்சேறியது. ஆறுமுக நாவலரின் உதவியும் அதற்குக் கிடைத்தது. சமயக் களத்தில் எதிரெதிராக நின்றவர்கள் ஒரு சொல்லின் பொருளுக்காகக் கூடினார்கள். இரண்டே ஆண்டுகளில், 1864இல், தாய்நாடு செல்லும் வழியில் கேப் டவுனில் வின்ஸ்லோ இறந்தார். 1818இல் வொறன் இறந்த அதே நகரம். 1924 முதல் வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி வின்ஸ்லோவின் அகராதியை அடிப்படையாகக் கொண்டது. நைட் தம் முதற் சொல்லை எழுதியபோது முடிவைக் காண்போம் என்று எண்ணியிருப்பாரா?

1855ஆம் ஆண்டு இந்த வரலாற்றில் கனத்த ஆண்டு. சனவரி 13இல் டொக்டர் ஸ்கடர் கேப் டவுனுக்கு அண்மையிலுள்ள வைன்பேர்க்கில் இறந்தார். மூன்று வாரங்களில், பெப்ரவரி தொடக்கத்தில், டானியல் பூவர் மானிப்பாயில் வாந்திபேதிக்குப் பலியானார். யாழ்ப்பாணத்துக்கு முதலில் வந்த அணியைச் சேர்ந்தவர். 39 ஆண்டுகள் கிழக்கிலே உழைத்தவர். அவர் இறப்பதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்னர்தான், 1854 செப்ரெம்பரில், ஜோன் ஸ்னோ என்ற மருத்துவர் இலண்டனில் வாந்திபேதி தண்ணீரால் பரவுகிறது என்று வாதாடி ஒரு தெருக்குழாயின் கைபிடியைக் கழற்றவைத்திருந்தார். அந்த அறிவு மானிப்பாய்க் கிணற்றுக்கு வந்துசேர நெடுங்காலம் ஆயிற்று. அதே 1855இல், அமெரிக்கச் சபையின் முடிவின்படி, பூவர் தொடங்கிய செமினரியும் மூடப்பட்டது. மனிதனைப் போலவே நிறுவனத்துக்கும் ஆயுள் நிச்சயமில்லை.

ஆனால் மூடப்பட்ட செமினரியிலிருந்து வெளியேறிய இருவர், சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும், சில ஆண்டுகளில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளானார்கள். தாமோதரம்பிள்ளை பிற்காலத்தில் சைவராக வாழ்ந்தார். செல்லரித்துக்கொண்டிருந்த ஏடுகள் தம் கண்முன்னே அழியுமுன் அவற்றை அச்சேற்ற வேண்டும் என்று தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்தார். அந்த அவசரத்தை எங்கே கற்றார் என்று யார் சொல்ல முடியும்? சமயம் மாறாமலே ஒரு பழக்கம் கைமாறக் கூடும் என்பதை மாஸ்டரிடம் கற்றவன் என்ற முறையில் நான் நம்புகிறேன்.

டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீனையும் விட்டுவிட முடியாது. 1847இல் வந்தவர், மானிப்பாயில் வைத்தியசாலையும் மருத்துவப் பாடசாலையும் நடத்தியவர். ஒரு மருத்துவர் எத்தனை நோயாளரைப் பார்க்க முடியும், எத்தனை ஆண்டு பார்க்க முடியும் என்று கணக்குப் பார்த்தவர் போல, அறுபதுக்கு மேற்பட்ட உள்ளூர் மருத்துவர்களைப் பயிற்றினார். 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். நான்காயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள் கொண்ட மருத்துவ நூல்களைத் தமிழில் தந்தார். 1873இல் நாடு திரும்பி 1884இல் இறந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்ற குறிப்புடன் எளிய கல்லொன்றே தம் கல்லறைக்குப் போதும் என்றார்.

இவ்வளவும் எழுதிவிட்டு மறுபக்கத்தை மறைத்தால் நான் பத்திரிகையாளனல்லன். மரணபயத்தை மதமாற்றத்துக்கான கருவியாகவும் இவர்கள் பயன்படுத்தினார்கள். நாளைக்கு நிச்சயமில்லை என்பது ‘இன்றே மனந்திரும்பு’ என்ற நெருக்குதலாகவும் ஒலித்தது. உணவுக்கும் கல்விக்கும் வந்த பிள்ளைகளின் பெயர்களை மாற்றி, அமெரிக்கப் புரவலர் விரும்பிய பெயர்களை இட்டார்கள். 1841 சனவரியில் தொடங்கிய ‘உதயதாரகை’யின் ஆசிரியர்களான தமிழர் இருவரின் பெயர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். முதலாவது, 1812இல் 31 வயதில் துருக்கியில் இறந்த ஆங்கிலேயச் சமயப் பணியாளரின் பெயர். மாண்டவரின் பெயர் வாழட்டும் என்று ஒரு தமிழ்ப் பிள்ளையின் தாய்தந்தையர் வைத்த பெயர் மறைந்துபோயிற்று. இவற்றையெல்லாம் கண்டுதான் நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளியைத் தொடங்கினார். அவரும் நெடுநாள் வாழவில்லை. 1879இல் 57 வயது நிறையுமுன் மறைந்தார். அவர் பாடசாலையும் அச்சகமும் அவருக்குப் பின்னும் இயங்கின.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மிசனரிமார் நோயால் இறந்தார்கள். ஆபத்தை அறிந்து தாமே தெரிந்துகொண்ட பாதையில் இறந்தார்கள். 1995 யூலை 9ஆம் திகதி, மானிப்பாய்க்கு அருகே நவாலி தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மீது விமானப்படை குண்டு வீசியதில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு வகுப்பு முடிந்து நின்ற பிள்ளைகள் குண்டுக்குப் பலியானார்கள். இவற்றை ஆயுளின் நிச்சயமின்மை என்ற சொல்லுக்குள் அடக்கக்கூடாது. மனிதன் செய்த கொலையைக் கடவுளின் கணக்கில் எழுதுவது விசுவாசமாகாது. அந்தப் பெயர்ப் பட்டியல்களைச் சரிபார்ப்பவனுக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

ஆனாலும் மாஸ்டர் சொன்ன வாக்கியம் இரண்டுக்கும் பொருந்துகிறது. அவர் ஒருபோதும் என்னிடம் சமயம் பேசவில்லை. மறுமையைப் பற்றி அவருக்கு என்ன நம்பிக்கை இருந்ததோ, அதை அவர் தம்மோடு கொண்டுசென்றார். எனக்கு விட்டுச்சென்றது சிவப்பு மைக் குறிப்புகளை மட்டுமே.

எனக்கும் ஐம்பதைத் தாண்டிச் சில ஆண்டுகளாகிவிட்டன. யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளின் வரலாற்றுக்காக நான் இருபது ஆண்டுகளாகச் சேர்த்த குறிப்புகள் நான்கு பெட்டிகளில் கிடந்தன. ஓய்வுபெற்றதும் எழுதலாம் என்றுதான் எண்ணியிருந்தேன். சென்ற மாதம் அவற்றை ஒழுங்குபடுத்தி, ஒவ்வொரு கட்டின் மேலும் எது முடிந்தது, எது மிச்சம் என்று எழுதி, பிரதியெடுத்து, எங்கள் அலுவலகத்து இளம் நிருபர் ஒருவரிடம் ஒரு தொகுதியைக் கொடுத்தேன்.

“ஐயா, நீங்கள்தானே எழுதப் போறீங்கள், எனக்கு ஏன் தாறீங்கள்?” என்று அந்தப் பிள்ளை கேட்டாள்.

மாஸ்டர் எனக்குச் சொன்னதையே அவளுக்குச் சொன்னேன்.